கல்லூரி ஈஆர்பி மென்பொருள்: வாத்தியார் லாகினிலிருந்து ஒரு விமர்சனம்

வருகை, மதிப்பெண், தேர்வு, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற கல்லூரி ஈஆர்பி மென்பொருளுக்கு இணையத்தில் கிடைக்கிற விமர்சனங்களைப் படித்துப் பாருங்கள். எல்லாமே தாளாளரோ முதல்வரோ ஐடி டைரக்டரோ எழுதியவை. 'வெளிப்படைத்தன்மை கூடியது', 'நாக் வேலை பாதியாகக் குறைந்தது' என்கிற ரகம் (நாக் என்பது கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் கொடுக்கும் தேசிய அமைப்பு). பீரியடுக்குப் பீரியட் அதைத் திறந்து மூடுகிற ஆசிரியர் எழுதிய ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வேலை பார்ப்பது மேற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கும் சுயநிதிப் பொறியியல் கல்லூரி, தன்னாட்சி பெற்றது. இசிஇ (மின்னணு, தொடர்பியல்) துறையில் இணைப் பேராசிரியர். கல்லூரிப் பெயரும் வேண்டாம், கம்பெனிப் பெயரும் வேண்டாம். வேறு கல்லூரிகளில் இருக்கும் நண்பர்கள் காட்டிய வேறு கம்பெனி சரக்கையும் பார்த்திருக்கிறேன், மெனுவின் நிறம்தான் மாறுகிறது, சங்கதி ஒன்றுதான். அதனால் நீங்கள் எதை வாங்கப் போவதாக இருந்தாலும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மென்பொருளாகப் பார்த்தால் இது மோசமில்லை. ஆனால் இதை வாங்கும்போது கல்லூரியில் எதை யார் முடிவு செய்வது என்கிற ஏற்பாடும் சேர்ந்தே வந்து இறங்குகிறது. அதை டெமோவில் காட்டமாட்டார்கள். நிறுவிய பிறகு ஒரு செமஸ்டர் ஓடினால்தான் தெரியும்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். வருகைப் பதிவு ரொம்ப எளிது. முன்பெல்லாம் லாக் புக்கில் எழுதி, மாதக் கடைசியில் கிளாஸ் அட்வைசர் ஆறு பாடத்துக்கும் கூட்டி, விழுக்காடு போட்டு, கையெழுத்து வாங்கி, அதற்குள் அடுத்த மாதம் பாதி போயிருக்கும். இப்போது போனில் வராதவர்கள் பெயரை மட்டும் தட்டினால் போதும், 75 விழுக்காட்டுக்குக் கீழே போகிறவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிடுகிறது, வீட்டுக்கும் எஸ்எம்எஸ் போய்விடுகிறது. தேர்வுப் பிரிவு வேலைதான் இதன் உண்மையான பலம். நாமினல் ரோல், ஹால் டிக்கெட், இருக்கை ஒதுக்கீடு, விடைத்தாளுக்கு டம்மி நம்பர் என்று சிஓஇ (தேர்வுக் கட்டுப்பாட்டாளர்) அலுவலகம் விடிய விடிய செய்துகொண்டிருந்த வேலையெல்லாம் ஒரு மதியத்தில் முடிகிறது. மாணவர்களுக்கும் நிம்மதி. ஒரு போனஃபைடு சான்றிதழுக்கு அலுவலக ஜன்னலில் நின்று 'நாளைக்கு வா' கேட்ட காலம் போய், பிடிஎஃப் ஆகக் கைக்கு வருகிறது. இதையெல்லாம் குறை சொல்பவன் அந்தப் பழைய ஜன்னலில் நின்றதில்லை என்று அர்த்தம்.

பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்றால், ஏதாவது ஒன்றைத் திருத்த வேண்டி வரும்போது.

எங்கள் துறையில் இரண்டாமாண்டு படிக்கும் பையன் ஒருவன் மண்டல கபடிப் போட்டிக்குப் போனான். உடற்கல்வி இயக்குநர் கடிதம் கொடுத்திருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன், ஓடி (ஆன் டூட்டி) போட வேண்டும், அவ்வளவுதான். பழைய முறையில் லாக் புக்கில் 'ஏ' என்று இருப்பதைச் சுழித்து 'ஓடி' என்று எழுதி, ஹெச்ஓடி (துறைத் தலைவர்) பக்கத்தில் ஒரு சுருக்கெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. இதில் பீரியட் முடிந்து கொஞ்ச நேரத்தில் பதிவு பூட்டிக்கொள்ளும். திறக்க 'கோரிக்கை' அனுப்ப வேண்டும். அது கிளாஸ் அட்வைசருக்குப் போய், ஹெச்ஓடிக்குப் போய், டீனுக்குப் போய், கடைசியில் 'ஈஆர்பி செல்' என்று ஒரு அறை இருக்கிறது, அங்கே போய் நிற்கும். நின்றுவிட்டது. நேரில் போனேன். அந்த அறையில் இருப்பது எங்களிடமே படித்த பையன், பொறுமைசாலி, பார்த்தால் எழுந்து நிற்பான்.

"மேடம், எங்கிட்ட ரைட்ஸ் இருக்கு, இப்பவே ஓப்பன் பண்ணிடுவேன். ஆனா ஏஓ சார் ஒரு வார்த்தை சொல்லணும்."

"ஹெச்ஓடி அப்ரூவ் பண்ணிட்டாரே தம்பி, டீனும் பண்ணிட்டாரே?"

"அது ரெக்கமண்டேஷன் மேடம். அப்ரூவல் ஏஓ சார்தான்."

ஏஓ என்றால் நிர்வாக அலுவலர். எங்கள் ஏஓ வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், கபடிக்கு எதிரி ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாணவன் வகுப்புக்கு வராததை ஏற்கலாமா கூடாதா என்கிற கேள்வி எப்படி அவர் மேசைக்குப் போனது? எந்தக் கூட்டத்திலும் அப்படி முடிவு செய்யவில்லை. மென்பொருளை நிறுவிய சமயத்தில் கம்பெனி ஆள் ஒரு படிவம் கொடுத்து, 'ஒவ்வொரு கோரிக்கைக்கும் இறுதி ஒப்புதல் யார்?' என்று கேட்டிருக்கிறார். படிவத்தை நிரப்பியது அலுவலகம். எல்லாக் கட்டத்திலும் ஏஓ என்று எழுதிவிட்டார்கள். சதியும் கிடையாது, மண்ணும் கிடையாது. கேட்டவர் அவர்களைக் கேட்டார், அவர்கள் தங்களை எழுதிக்கொண்டார்கள்.

அந்த ஒற்றைப் படிவத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனமே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய சமாச்சாரம் இன்டர்னல் மார்க். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு அகமதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60 என்று வந்தது, அதற்கு முன் 20-80. நாங்கள் தன்னாட்சிக் கல்லூரி என்பதால் அந்த 40-ஐ எப்படிப் பிரிப்பது என்பதில் ஓரளவு சுதந்திரம் உண்டு. பிஓஎஸ் என்கிற துறைப் பாடத்திட்டக் குழுவில் பேசி, அதற்கு மேலே கல்லூரி முழுக்கான கல்விக் குழுவான அகடமிக் கவுன்சிலில் வைத்து, மூன்று தேர்வு நடத்தி நல்ல இரண்டை எடுத்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டிருந்தோம். காரணம் இருந்தது. டெங்குவிலோ வீட்டுத் துக்கத்திலோ ஒரு தேர்வைத் தவறவிட்ட பிள்ளை அதனால் அடிபடக் கூடாது. மென்பொருளில் இருந்த வார்ப்புருவில் 'சராசரி' மட்டும்தான் இருந்தது. கேட்டதற்கு, அடுத்த செமஸ்டருக்குள் கஸ்டமைஸ் செய்து தருகிறோம் என்றார்கள். அந்த செமஸ்டர் சராசரியே ஓடியது. அடுத்ததிலும். அப்புறம் ஒருநாள் அகடமிக் கவுன்சில் நிகழ்ச்சி நிரலில், எண் போட்ட நீளமான பட்டியலின் நடுவே, 'அகமதிப்பீட்டு முறையைத் தற்போதைய நடைமுறைக்கு ஏற்பத் திருத்துதல்' என்று ஒரு வரி வந்தது. டீ வருவதற்கு முன்னால் நிறைவேறிவிட்டது. மென்பொருளை ஒழுங்குமுறைக்கு ஏற்ப மாற்றுவார்கள் என்று காத்திருந்தோம், ஒழுங்குமுறையை மென்பொருளுக்கு ஏற்ப மாற்றிவிட்டார்கள். அதற்கும் கை தூக்கியது நாங்கள்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எதிர்த்துப் பேச ஒருவர் எழுந்தார், 'சிஸ்டத்துல ஆப்ஷன் இல்ல சார்' என்றார்கள், உட்கார்ந்துவிட்டார். அந்தப் பதிலுக்கு எதிர்வாதம் எங்கள் யாரிடமும் இல்லை.

பொறியியலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. தன்னாட்சிக் கல்லூரி என்கிற யோசனையை 1964-66 கோத்தாரி குழு சொன்னது. தமிழ்நாட்டில் 1978-லேயே சென்னை, மதுரை பக்கம் சில கல்லூரிகளுக்குக் கிடைத்தது. நாட்டில் இதை முதலில் முயன்று பார்த்தவர்களில் நாமும் உண்டு. நோக்கம் எளிமையானது: பாடம் நடத்துகிறவனே பாடத்திட்டம் போடட்டும், அவனே மதிப்பிடட்டும், எங்கோ இருக்கும் பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிகளில் இன்றும் அந்த அமைப்பு அப்படியே இருக்கிறது. பிஓஎஸ் என்றால் துறைத் தலைவர் தலைவர், துறை ஆசிரியர்கள் உறுப்பினர்கள், வெளியிலிருந்து பாட வல்லுநர்கள், துணைவேந்தர் சொல்லும் ஒருவர், தொழில்துறை ஆள் ஒருவர், பழைய மாணவர் ஒருவர். அகடமிக் கவுன்சிலில் எல்லாத் துறைத் தலைவர்களும் உண்டு, சுழற்சி முறையில் நான்கு ஆசிரியர்களும் உண்டு. தனியார் கல்லூரியின் ஆட்சிக் குழுவில் மட்டும் நிர்வாகத் தரப்பில் ஐந்து பேர், ஆசிரியர் இரண்டு பேர், அந்த இருவரையும் முதல்வர்தான் பெயர் சொல்வார். பணம் அவர்கள் கையில், பாடம் நம் கையில் என்று பங்கு பிரித்த மாதிரி. மோசமான பங்கீடு என்று சொல்லமாட்டேன். எந்தக் குழுவுக்கும் மென்பொருளில் லாகின் கிடையாது என்பதுதான் சிக்கல். ஹெச்ஓடிக்கு லாகின் உண்டு, டீனுக்கு உண்டு, ஏஓவுக்கு உண்டு. பிஓஎஸ் தலைவர் என்று ஒரு ஆளை அந்த மென்பொருளுக்குத் தெரியாது. அகடமிக் கவுன்சில் தீர்மான எண்ணை எழுத ஒரு கட்டம் இருக்கிறது, கட்டாயமில்லாத கட்டம்.

ஜப்பானில் இதையே வெளிப்படையாகச் செய்தார்கள். 2014-இல் பள்ளிக் கல்விச் சட்டத்தைத் திருத்தி, பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் கூட்டம் என்பது தலைவருக்குக் கருத்துச் சொல்லும் அமைப்பு என்று ஆக்கினார்கள், 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பேராசிரியர்கள் எதிர்த்தார்கள், நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது, தோற்றாலும் எதில் தோற்றோம் என்று தெரியும். இங்கே விதி புத்தகத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. எதிர்க்க வேண்டுமென்றால் எதை எதிர்ப்பது? ஒரு டிராப்டவுனையா?

நிர்வாகம் ஏன் இதை வாங்குகிறது என்பதற்கு வருவோம். ஆசிரியர்களை அடக்க வேண்டும் என்று யாரும் இவ்வளவு செலவு செய்யமாட்டார்கள். வெளியிலிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வாங்குகிறார்கள். நாக் 1994-இல் தொடங்கியது, ஆனால் 2017-இல் முறையை மாற்றினார்கள். மதிப்பெண்ணில் ஏறக்குறைய 70 விழுக்காடு எண்ணாகக் கொடுக்கிற தரவிலிருந்து, அதை டிவிவி என்று தனியாகச் சரிபார்த்தார்கள், நேரில் வந்த குழு பார்த்தது மிச்சம்தான். அதற்கு முன்பு குழு வரும், துறைத் துறையாக உட்கார்ந்து பேசும், சாப்பாடு நன்றாக இருந்ததா என்பதிலிருந்து சகலமும் கிரேடில் சேரும். எண்ணுக்கு மாறியது நியாயம்தான் என்று நானே அப்போது வாதாடியிருக்கிறேன், இப்போதும் அந்த வாதத்தில் பாதி நிற்கும். ஆனால் எண் வேண்டுமென்றால் அதைத் திரட்ட ஆள் வேண்டும், திரட்டுகிற இடம் வேண்டும். ஐக்யூஏசி என்கிற உள்தர உறுதிப் பிரிவு முன்பு ஒரு பேராசிரியர் கூடுதலாகப் பார்க்கிற பொறுப்பு, இப்போது தனி அலுவலகம். அதோடு என்ஐஆர்எஃப் தரவரிசை, 2016 முதல் வருடா வருடம். பொறியியலுக்கு என்பிஏ அங்கீகாரம். ஏஐசிடிஇ அனுமதி. ஏஐஎஸ்ஹெச்இ என்கிற உயர்கல்விக் கணக்கெடுப்பு. மாநில அரசின் யூமிஸ் தரவுத்தளம். கிரெடிட் வங்கிக்கு மாணவர் விவரம். ஒவ்வொருவரும் ஒரே தகவலை வேறு வேறு எக்ஸெல் வடிவத்தில் கேட்பார்கள், எல்லாருக்கும் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் இந்த மென்பொருளைத்தான் வாங்கியிருப்பேன். ஏஓ மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்வது அதனால்தான்.

ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? வாத்தியார் லாகினிலிருந்து.

ஒரு கெஸ்ட் லெக்சர் நடத்தினால் என்னென்ன ஏற்ற வேண்டும் தெரியுமா? அழைப்புக் கடிதம், ஒப்புதல் கடிதம், நோட்டீஸ், வருகைப் பட்டியல், ஃபீட்பேக் சுருக்கம், அறிக்கை, அப்புறம் ஜியோடேக் போட்ட புகைப்படங்கள். அட்சரேகை தீர்க்கரேகை மூலையில் தெரிய வேண்டும். கல்லூரியின் செமினார் ஹால் நேற்றிருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது என்பதற்கு ஆதாரம். பேசுகிறவர் முதல் வரியை ஆரம்பிக்கும்போது நான் அந்த ஆப் ஜிபிஎஸ் பிடிக்கிறதா என்று ஜன்னல் ஓரமாகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவர் என்ன பேசினார் என்று மாணவர்களைக் கேட்டுத்தான் அறிக்கை எழுதுவது.

சிஓ-பிஓ (பாடத்தின் விளைவு, பட்டப்படிப்பின் விளைவு) சமாச்சாரம் இன்னும் அழகு. இந்தியா 2014-இல், பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர் ஆனதிலிருந்து விளைவு சார்ந்த கல்வி என்பது பொறியியல் கல்லூரிகளில் வேதவாக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு சிஓ, பட்டப்படிப்புக்கு 12 பிஓ, இப்போது புது வடிவத்தில் 11. எந்த சிஓ எந்த பிஓவுக்கு எவ்வளவு உதவுகிறது என்று 1, 2, 3 போட வேண்டும். யோசனை உண்மையிலேயே நல்லது. என் பாடத்தில் எதைக் கற்பிக்கிறேன், அது சேர்ந்ததா என்று என்னை நானே கேட்டுக்கொள்ள ஒரு சந்தர்ப்பம். மென்பொருள் என்ன செய்தது? மதிப்பெண்ணிலிருந்து அடைவு நிலையைத் தானாகக் கணக்கிட்டு, இலக்குக்குக் கீழே போனால் சிவப்பு காட்டும். சிவப்பு வந்தால் 'சரிசெய்யும் நடவடிக்கை' என்று ஒரு பக்கம் எழுத வேண்டும், அது டீன் வரை போகும். பச்சை வந்தால் ஒன்றும் எழுத வேண்டாம். விளைவு உங்களுக்கே புரியும். எங்கள் துறையில் எல்லாப் பாடமும் பச்சை. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸில் பாதி வகுப்பு ஃபூரியர் உருமாற்றம் புரியாமல் விழிக்கிறது, அட்டவணை பச்சையாக இருக்கிறது. துறைக் கூட்டத்தில் உட்கார்ந்து 'இந்தப் பாடத்தை மூன்றாம் செமஸ்டரிலிருந்து நான்காவதுக்குத் தள்ளலாமா, கணக்கு முதலில் முடியட்டும்' என்று பேச வேண்டிய விஷயம், பேச ஆதாரமே இல்லாமல் போனது. ஏனென்றால் ஆதாரம் என்றால் அந்த அட்டவணைதான்.

ஆசிரியர் மதிப்பீட்டு மாட்யூலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யுஜிசி 2010-இல் ஏபிஐ என்று மதிப்பெண் முறை கொண்டுவந்தது, 2018-இல் அதை எளிதாக்கியது. மென்பொருளில் 2010 இன்னும் சாகவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பழைய காலத்துக்குப் பூ போட்டதாகிவிடும். ஆசிரியர்கள் கையில் எல்லாம் இருந்தபோது பாலும் தேனும் ஓடவில்லை. ஹெச்ஓடி ராஜ்யம் என்று ஒன்று இருந்தது. பிடிக்காத மாணவனுக்கு இன்டர்னலில் கை வைப்பது, ஆய்வு மாணவரைச் சொந்த வேலைக்கு அனுப்புவது, செமஸ்டர் முடிவில் லாக் புக்கை மொத்தமாக ஒரே பேனாவில் நிரப்புவது எல்லாம் நடந்தது. அப்போது கேட்க யாருமில்லை. இந்த மென்பொருளில் யார், எந்த நேரத்தில், எந்த மதிப்பெண்ணை மாற்றினார்கள் என்பது பதிவாகிறது. ஒரு பெண் தன் மார்க் குறைக்கப்பட்டதை இந்தப் பதிவை வைத்து நிரூபித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்காக மட்டும் ஒரு ஸ்டார் தனியாகக் கொடுக்கலாம். ஆனால் அதே பதிவை ஆசிரியரால் பார்க்க முடியாது. என் மாணவனுடைய வருகைப் பதிவை அலுவலகம் மாற்றினால் எனக்குத் தெரியாது. வருகைக் குறைவை மன்னிக்கும் கண்டொனேஷன் பட்டியல் வரும்போது, 65-க்கும் 75-க்கும் நடுவில் இருக்க வேண்டிய சிலர் எப்படியோ கரையேறியிருப்பார்கள். யாரிடம் கேட்பது?

அரசு உதவிபெறும் கல்லூரியாக இருந்தால் மூட்டா, ஏயுடி என்று ஆசிரியர் சங்கம் இருக்கும், கேட்க ஆள் இருக்கும், வாசலில் கொடி பறக்கும். சுயநிதியில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும், அதிலும் நிர்வாகத்தின் ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அரசுப் பல்கலைக்கழகங்கள் இதற்கு மேலானவை என்று நினைத்தால் சிதம்பரத்தைப் பாருங்கள். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 12,000-க்கும் மேல் ஊழியர்களோடு சம்பளம் போட முடியாமல் நின்றபோது, 2013 ஏப்ரலில் அரசு ஒரு ஐஏஎஸ் அதிகாரியை நிர்வாகியாகப் போட்டது, அந்த ஆண்டே தனிச் சட்டமும் வந்தது. உபரி ஊழியர்களை வேறு அரசு அலுவலகங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். அந்த நெருக்கடியில் வேறு வழி இருந்ததா என்பது தனி விவாதம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் காலம் முடிந்தபின், உயர்கல்விச் செயலர் தலைமையிலான குழுதான் வண்டியை ஓட்டியது. துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா அரசா என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரை போய், மே மாதம் உயர் நீதிமன்றத்தில் தடை வந்து, ஊரே பேசியது. அந்த 2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வரைவு, தொழில்துறையிலோ பொது நிர்வாகத்திலோ மூத்த பதவியில் இருந்தவர்களும் துணைவேந்தராகலாம் என்றது. மாநில உரிமை என்று தமிழ்நாடு சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் இந்தச் சண்டை முழுக்கக் கேட்டுப் பார்த்தேன், யார் நியமிப்பது என்பதில் இரண்டு கட்சி இருந்தது, அந்தப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர்களுக்கு அதில் என்ன சொல் என்று கேட்ட மூன்றாவது கட்சி எனக்குத் தெரிந்து சத்தமாக வரவில்லை. மேலே நடப்பதன் சின்ன வடிவம்தான் எங்கள் ஈஆர்பி செல்.

இன்னொரு வேடிக்கை. எண்ணைக் கொண்டுவந்தால் ஊழல் போகும் என்றார்கள். 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுத் தலைவர் ஒருவர் உட்படப் பத்து பேரை சிபிஐ கைது செய்தது, ஆந்திராவில் ஒரு நிறுவனத்துக்கு ஏ++ வாங்கித்தர லஞ்சம் என்பது குற்றச்சாட்டு. கிரேடே வேண்டாம், அங்கீகாரம் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்கிறோம் என்ற புது முறையை அதற்கு முந்தைய ஆண்டே நாக் அறிவித்திருந்தது. சரி, அப்படியானால் ஜியோடேக் போட்டோ வேண்டாமா என்று ஆசையாக ஐக்யூஏசியில் கேட்டோம். வேண்டுமாம்.

இனி வாங்குகிறவர்களுக்கு நேரடியாக. டெமோவுக்கு வரும் ஆள் அட்மின் டாஷ்போர்டைத்தான் திறப்பார், வண்ண வண்ணமாக வட்டங்கள் சுற்றும், தாளாளருக்குப் பிடித்துப் போகும். நீங்கள் உள்ளே இருந்தால் கையைத் தூக்கி, ஆசிரியர் லாகினில் ஒரு தவறான பதிவைத் திருத்திக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை கிளிக், எத்தனை பேர் ஒப்புதல் என்று அங்கேயே எண்ணிவிடலாம். மதிப்பெண் பிரிவு, தேர்ச்சி விதி, வருகை விதி போன்ற கல்வி சார்ந்த அமைப்புகளை யார் மாற்ற முடியும் என்று கேளுங்கள். அகடமிக் கவுன்சில் தீர்மான எண் இல்லாமல் மாற்ற முடியாதபடி பூட்ட முடியுமா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த மென்பொருள்காரர் ஒருவர், இது தொழில்நுட்பரீதியாக ஒன்றுமே இல்லை, யாரும் கேட்டதில்லை, அதனால் வைக்கவில்லை என்றார். நம்புகிறேன். மாற்றப் பதிவைத் துறைக்கும் காட்ட முடியுமா? கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் காரணம் எழுதுவது கட்டாயமா? எங்களுடையதில் காரணம் இல்லாமல் நிராகரிக்கலாம், ஆனால் காரணம் இல்லாமல் சிஎல் எடுக்க முடியாது. நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போனால் பழைய தரவைப் பயன்படும் வடிவத்தில் தருவார்களா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், அங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான 'சமர்த்' ஓடுகிறது, பொது நிதியில் வந்தது. அரசுத் தரப்பில் இருப்பவர்கள் தனியாரிடம் போவதற்கு முன் அதையும் ஒரு கண் பார்க்கலாம்.

அப்புறம் முக்கியமானது, அந்தப் படிவம். நிறுவும்போது 'இறுதி ஒப்புதல் யார்' என்று கேட்கிற படிவத்தை அலுவலகத்தில் நிரப்ப விடாதீர்கள். அதை அகடமிக் கவுன்சிலில் வைத்து வரி வரியாக நிரப்புங்கள். கட்டணம், ஊதியம், கொள்முதல் எல்லாம் ஏஓவுக்கே போகட்டும், அது அவருடைய வேலை. வருகை, மதிப்பெண், பாடத்திட்டம், யார் எந்தப் பாடம் எடுப்பது என்பதெல்லாம் துறையில் நிற்கட்டும். ஒரு மதியம் செலவாகும், சலிப்பாக இருக்கும், பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விடாதீர்கள். அந்த மதியத்தை மிச்சம் பிடித்த கல்லூரிகள் பின்னால் ஒவ்வொரு கபடிப் பையனுக்கும் படியேறிக்கொண்டிருக்கின்றன.

சில்லறைக் குறைகள்: ஆண்ட்ராய்டு ஆப் பரவாயில்லை, ஐபோனில் அடிக்கடி வெளியே தள்ளிவிடும். மார்க் பதிவின் கடைசி நாள் இரவில் சர்வர் படுத்துவிடும், அது ஒவ்வொரு செமஸ்டரும் நடக்கும், தேதி மட்டும் நீளாது. தமிழில் பெயர் ஏற்றினால் சான்றிதழில் கட்டம் கட்டமாக வரும். எங்கள் தமிழ்த்துறை மேடம் இதற்காகப் பலமுறை எழுதிவிட்டார். சப்போர்ட் ஆட்கள் மரியாதையாகப் பேசுவார்கள், ஆனால் ஆசிரியர் நேரடியாக டிக்கெட் போட முடியாது, ஈஆர்பி செல் வழியாகத்தான்.

ஸ்டார் கேட்டால், அலுவலக லாகினுக்கு நாலரை. மாணவர் லாகினுக்கு நாலு, சிலருக்குக் கூடவே கொடுக்கலாம். வாத்தியார் லாகினுக்கு இரண்டு, அதில் ஒன்று அந்த மாற்றப் பதிவுக்காக. மூன்றையும் கூட்டி வகுத்து 'சராசரி' போட நான் தயாரில்லை, அது அவர்கள் வேலை. பெரிய கல்லூரி, தினமும் ஆயிரக்கணக்கில் பதிவு என்றால் வாங்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. இரண்டு துறை மட்டும் இருக்கிற சின்னக் கலைக் கல்லூரி என்றால் ஒழுங்காக வைத்த எக்ஸெலும் ஒரு நல்ல அலுவலக உதவியாளரும் போதும், அந்தப் பணத்தை நூலகத்தில் போடுங்கள்.

விலை எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஒரு மாணவருக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று கணக்கு என்கிறார்கள், தொகை எங்களுக்குச் சொல்லப்படவில்லை. கொள்முதல் குழுவில் ஆசிரியர் யாரும் இல்லை.